பைரவரின் பழைய வாகனம்

தேய்பிறை அஷ்டமி அன்று திண்டுக்கல் பக்கத்துத் தாடிக்கொம்பில் கார் நிறுத்த இடம் கிடைத்துவிட்டால் வேண்டுதலில் பாதி பலித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குள் இருக்கும் ஸ்வர்ண ஆகர்ஷண பைரவரைத் தேடி அன்றைக்கு வருகிற கூட்டம் அப்படி. பெருமாள் கோயிலில் பைரவருக்கு என்ன வேலை என்று வரிசையில் நிற்கும் எவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலை என்னவென்று பெயரிலேயே எழுதியிருக்கிறது: பொன்னை இழுத்துத் தருவது. கடன் அடையும், கைமாற்றாகக் கொடுத்தது திரும்பும், அடகுக் கடையில் கிடக்கும் சங்கிலி வீட்டுக்கு வரும். இத்தனை கவலையோடு வருகிறவர்களுக்கு, மண்டபத் தூண்களில் நாயக்கர் காலத்துச் சிற்பி உயிரைக் கொடுத்துச் செதுக்கியதை அண்ணாந்து பார்க்க நேரம் ஏது?

பைரவர் என்றால் கூடவே நாய். சிறுவயதில் எந்தக் கோயிலிலும் பைரவரை நாங்கள் கண்டுபிடித்ததே அவர் பின்னால் நிற்கும் நாயை வைத்துத்தான். சிவனுக்குக் காளை, முருகனுக்கு மயில், பிள்ளையாருக்கு மூஞ்சூறு, பைரவருக்கு நாய். அதற்கு வாகனம் என்று பெயர். நம் பக்தர்கள் அந்தச் சொல்லை ரொம்பச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வாங்கும்போது ஷோரூமில் மாலை போட்டு போட்டோ எடுப்பது, நான்கு வருடம் ஊர் பார்க்க ஓட்டுவது, தேய்மானம் தெரிந்ததும் தள்ளிவிடுவது. வாகனம்தானே.

ஓர் அஷ்டமிக்கு முதல் நாள் காலை. நான்கு வழிச் சாலையிலிருந்து ஊர்ப்பக்கம் திரும்பும் இடத்தில், மைல்கல்லில் ஒரு மஞ்சள் லேப்ரடாரைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பெட்டை. முகவாயெல்லாம் நரை. முழங்கைகளில் காய்ப்பு. பால்காம்புகள் தரையைத் தொடுவதுபோலத் தொங்கின. எழுந்து நின்றால் பின்னங்கால்கள் நடுங்கின. கழுத்தில் நல்ல தோல் காலர், சிவப்பு. பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, பிரித்த மேரி பிஸ்கட் பாக்கெட் ஒன்று. கட்டிப் போட்டவருக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லாதீர்கள். ஒரு பாக்கெட் அளவுக்கு இருந்திருக்கிறது.

நான் நின்றேனா? நிற்கவில்லை. உடையவர் டீக்கடையில் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய்விட்டேன். மாலையில் திரும்பும்போதும் அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு கார் வேகத்தைக் குறைக்கும்போதும் எழுந்து, கதவு திறக்கும் என்று பார்த்து, மறுபடி உட்கார்ந்தது. அப்போதும் நான் போய்விட்டேன். இந்தக் கட்டுரையில் நான் திட்டப்போகிற கூட்டத்தில் எனக்கும் ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறேன்.

மறுநாள் அஷ்டமி. நாய்க்குச் சோறு போட்டால் பைரவர் மகிழ்வார், சனி பகவானும் கொஞ்சம் தளர்த்துவார் என்பது பரிகாரம். ஆகவே மாதத்துக்கு ஒரு நாள் இந்தப் பக்கத்து நாய்களுக்குத் திருவிழா. பிஸ்கட், பன், தயிர்சாதம். மிச்ச நாட்களில் கல். ஆனால் ஜோசியர்கள் சொல்வது கறுப்பு நாய். மைல்கல்லில் இருந்தது பொன் நிறம். பொன் வேண்டும் என்று கேட்டு வந்த கார்கள் அந்தப் பொன்னைத் தாண்டித் தாண்டிப் போயின. கறுப்பாக ஏதாவது கிடைக்கிறதா என்று கண்ணாடியை இறக்கித் தேடின. ஒரு குடும்பம் நின்றது. பிள்ளை கையை நீட்டியதும் அம்மா இழுத்துக்கொண்டார்: "தொடாத, சீக்கு நாயி."

மூன்றாம் நாள், திண்டுக்கல் பக்கம் தகரக் கொட்டகை போட்டு அனாதை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் என் நண்பரைக் கூப்பிட்டேன். அவர் வந்து அவிழ்த்துக்கொண்டு போனார். ஒன்பது வயது இருக்கும் என்றார் கால்நடை மருத்துவர். இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது, பல தடவை ஈன்றிருக்கிறது. நிறத்தைப் பார்த்துக் கொட்டகையில் யாரோ மஞ்சு என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. பழைய பெயர் என்னவோ. சும்மா சொல்லிப் பார்ப்போம் என்று டாமி, ரோஸி, ஸ்வீட்டி என்று வரிசையாக எல்லாவற்றையும் கூப்பிட்டோம். எல்லாவற்றுக்கும் வாலை ஆட்டியது.

நாய் சந்தையின் மொழி தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். குட்டி விற்கும் இடத்தில் நாயைப் பற்றிப் பேசமாட்டார்கள், எலும்பைப் பற்றிப் பேசுவார்கள். "டபுள் போன் சார்." "ஹெவி போன் சார், கால பாருங்க." கேசிஐ பேப்பர், அதாவது வம்சச் சான்றிதழ், இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. பெரிய நாய் எத்தனை வருடம் இருக்கும் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. விற்கிறவர் எதற்குச் சொல்லவேண்டும்? உருவம் பெருக்கப் பெருக்க ஆயுள் குறையும் என்பது நாய் இனத்தின் கணக்கு. கிரேட் டேன் ஒன்பது வயதைப் பார்ப்பதே பெரிது. செயின்ட் பெர்னார்டுக்கு எட்டு முதல் பத்து, லேப்ரடாருக்குப் பத்து முதல் பன்னிரண்டு. ஆறு, ஏழு வயதிலேயே பெரிய நாய்க்கு முதுமை தொடங்கிவிடும். சுவிஸ் பனிமலைக்காக உருவான செயின்ட் பெர்னார்டை வாங்கி வந்து, கத்தரி வெயிலில் திண்டுக்கல் மொட்டை மாடியில் கட்டிப்போட்டுவிட்டு, "ஏன் சார் எப்பப் பாத்தாலும் மூச்சு வாங்குது?" என்று கேட்கிற மேதைகள் நம்மிடையே இருக்கிறார்கள். வரி கட்டுகிறார்கள். ஓட்டும் போடுகிறார்கள்.

2017இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகள் என்று ஒன்று கொண்டுவந்தது. ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போடக்கூடாது, எட்டு வயது தாண்டினால் கூடவே கூடாது. மஞ்சுவின் வயிற்றைப் பார்த்தபோது அந்த விதி ஞாபகம் வந்தது. எட்டு வயது வரை கூடாது என்று சொல்லவில்லை அல்லவா? எட்டு முடிந்த மறுநாள் மைல்கல். என்ன ஒரு சட்ட மரியாதை.

தத்துக் கொடுக்கிறோம் என்று செய்தி போட்டதும் நண்பரின் போன் ஓயவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, லேப் தர்றீங்களாமே?"

"ஆமா தம்பி."

"எத்தன மாசம்ணே?"

"நூத்திப் பத்து மாசம்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. மனக்கணக்குப் போட்டிருப்பார். "பப்பி இல்லையாண்ணே?"

"பப்பியாத்தான் இருந்துச்சு. நீ அப்ப கூப்புடலையே."

அடுத்தவர் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டார். "இருக்கு, அதுலதான் படுத்திருக்கு" என்றார் நண்பர். இன்னொருவருக்குத் தென்னந்தோப்புக்குக் காவல் வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் சங்கிலியில் கிடந்தால் நன்றாகக் குரைக்குமா என்பது அவருடைய சந்தேகம். நாயை எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாமல் இருப்பதும் 1960ஆம் வருடச் சட்டப்படி குற்றம்தான் என்று நண்பர் சொன்னபோது, "நாயிக்கெல்லாம் சட்டமா?" என்று சிரித்தார். சிரிப்பில் தவறில்லை, பின்னால் சொல்கிறேன். ஒரு ஆள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "இன்னும் ஒரே ஒரு ஈத்து போடுமாண்ணே? ஒண்ணே ஒண்ணு." நண்பர் சொன்ன பதிலை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

இவர்களை எல்லாம் விட்டுவிடலாம். வெளிப்படையானவர்கள். எனக்குக் கோபம் வந்தது இன்னொரு அழைப்பின்மேல். படித்த, பதவிசான குரல். நாய் என்றால் உயிராம். பெரிய வீடாம், காம்பவுண்டு, தோட்டம், வேலைக்கு ஆள். "ஆனா வயசான நாயி வேண்டாங்க. ரெண்டு வருஷத்துல போயிடும். எங்களுக்கு மனசு தாங்காது."

மனசு தாங்காது. இந்த இரண்டு சொல்லை எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னார். சாவைப் பார்க்க இவருக்கு மனசு தாங்காது. ஆகவே அது தகரக் கொட்டகையில், பக்கத்துக் கூண்டு நாய்களின் குரைப்புக்கு நடுவில் சாகட்டும். அங்கே பார்த்துக்கொள்ள இருப்பவருக்கு மனசு இரும்பால் செய்தது போலிருக்கிறது. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து குழி வெட்டுகிற ஆள் அவர். ஒவ்வொரு குழிக்கும் அவர் முகம் என்ன ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். இத்தனை மென்மையான இதயங்கள் ஊரில் இருந்தும் அந்தக் குழி வேலை மட்டும் எப்படி ஒரே ஆள் தலையில் விழுகிறது? துக்கத்துக்குப் பயந்தவர்கள் குட்டி வாங்குகிறார்கள். அந்தக் குட்டி சாகாது என்று கேசிஐ பேப்பரில் எழுதியிருக்கிறதோ என்னவோ.

கிழட்டு நாய் லேசான வேலை என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. முப்பது கிலோ நாய் சோறு தின்னும். புது வீடுகளில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் டைல்ஸ் அதற்கு எமன். சாக்கோ தென்னைநார் மிதியடியோ விரிக்காவிட்டால் பின்னங்கால் வழுக்கி இடுப்பு போய்விடும். ஒரே வேளையில் அண்டா நிறையக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடவேண்டும், தின்றதும் ஓடவிடக்கூடாது. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்குக் இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்ணி பார்க்கவேண்டும். மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கவேண்டும். இதற்குப் பதிலாக என்ன கிடைக்கும்? செருப்பைக் கடிக்காது. சோபாவில் மூத்திரம் போகாது. அதன் குணம் என்ன என்பது முதல் நாளே தெரிந்துவிடும். குட்டி வளர்ந்து என்ன ஆகுமோ என்ற சூதாட்டம் கிடையாது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் அதுவும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரும். பூட்டுக்குப் பேர் வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். திண்டுக்கல் பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பாவிட்டால் நாலு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்போம், தூக்கி எறியமாட்டோம். தாத்தா வாங்கிய பூட்டு என்று பெருமையும் பேசுவோம். இரும்பு அதிர்ஷ்டம் செய்திருக்கிறது.

நாட்டு நாய்க்கு மட்டும் இந்தக் கதி இல்லை என்று நினைத்துவிடவேண்டாம். ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் பெயராகச் சொல்லி, நாட்டு நாய் வளர்க்கச் சொன்னார். நல்ல காரியம். ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய காலத்திலிருந்தே நமக்கு நாட்டு இனம் என்றால் ரத்தம் கொதிக்கும். கொதித்த ரத்தத்தோடு வாங்கிய ராஜபாளையத்துக்கும் எட்டாவது வருடம் நரைக்கிறது. இனத்தைக் காப்போம் என்று முழங்கியவர்களிடம் போய், இந்த ஒரு நாயைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். இனம் மேடைக்கு வரும். தனி நாய் சோறு கேட்கும்.

கிழட்டு நாயைக் கணக்கில் தீர்ப்பதில் அரசாங்கங்கள் நமக்கு அண்ணன்மார். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையோடு சுமார் 4,000 நாய்கள் வேலை செய்தன. ஊர் திரும்பியவை இருநூறு அளவில்தான். மற்றவற்றில் பலவற்றை உபரித் தளவாடம் என்று எழுதி அங்கேயே விட்டார்கள். ஓய்வுபெற்ற படை நாயை வீட்டுக்குத் தத்துக் கொடுக்க அந்த நாட்டில் சட்டம் வந்தது 2000ஆம் வருடம். நம் ராணுவத்தில் ஓய்வுபெற்ற நாய்களுக்கு ஊசி போட்டு முடித்துவிடும் வழக்கம் 2015 வாக்கில் வெளியே தெரிந்து, ஊரே திட்டிய பிறகுதான் மாறியது. 2019 நவம்பரில் டெல்லி மெட்ரோ காவலில் இருந்த ஏழு நாய்களுக்கு மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை பதக்கம் போட்டுப் பணிநிறைவு விழா நடத்தி, பராமரிக்கும் அமைப்பிடம் ஒப்படைத்தது. அதாவது சீருடை போட்டவர்களுக்கே புத்தி வந்துவிட்டது. வேட்டி, பேன்ட், சுடிதார் போட்டவர்களுக்குத்தான் இன்னும் வரவில்லை.

சரி, சட்டம். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. வளர்ப்புப் பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி நியாயமான காரணம் இல்லாமல் கைவிட்டால் குற்றம். முதல் தடவை செய்தால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையக்கூடாது, 50 ரூபாய்க்கு மேலும் போகக்கூடாது. தட்டச்சுப் பிழை இல்லை. ஐம்பதே ரூபாய். திண்டுக்கல்லில் அந்தக் காசுக்கு பிரியாணியின் வாசனை கிடைக்கும். 2022இல் திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். மக்களும் சொன்னார்கள். 15 வருடம் ஓடிய அரசு வண்டியைப் பதிவிலிருந்து கழித்துக்கட்ட 2023 ஏப்ரலிலிருந்து கண்டிப்பான விதி ஓடிக்கொண்டிருக்கிறது. பைரவர் வண்டிக்கு வரைவு வரைவாகவே நிற்கிறது.

இன்னொரு வேடிக்கை. தெருநாய்களைப் பற்றி 2025இல் நாடே இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஆகஸ்ட் 11 அன்று டெல்லி நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 22ஆம் தேதி வேறொரு அமர்வு, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடு, வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதே என்று திருத்தியது. பிடித்த இடத்தில் விடுவதுதான் விதியிலும் இருக்கிறது. தெருவில் பிறந்த நாய்க்கு அது நியாயமான விதி. மஞ்சுவைத் தெருநாய் என்று பிடித்துப் போயிருந்தால்? ஊசி போட்டு, சகல மரியாதையோடும் கொண்டுவந்து அதே மைல்கல்லில் இறக்கியிருப்பார்கள். இரண்டு அணியும் தொண்டை கிழியக் கத்தினார்களே, தெருவில் நிற்கும் லேப்ரடாரும் ராட்வீலரும் எந்த வீட்டிலிருந்து வந்தன என்று எத்தனை பேர் கேட்டார்கள்? தெரு குட்டி போடவில்லை ஐயா அவற்றை. வீட்டு நடைக்குள்தான் வளர்ந்தன.

பெற்றோரையே முதியோர் இல்லத்தில் விடுகிற காலத்தில் நாய்க்கு அழுகிறாயா என்று ஒருவர் கேட்டுவிட்டார். அந்த ஒப்பீடு எனக்கு வேண்டாம். முதியோர் இல்லத்துக்கு மாதா மாதம் பணமாவது கட்டுகிறார்கள்.

பாரதத்தின் கடைசியில் தருமன் மேலே ஏறிப் போகிறான். மனைவி விழுந்தாள், தம்பிகள் விழுந்தார்கள், ஒரு நாய் மட்டும் கூடவே வருகிறது. இந்திரன் தேரோடு வந்து, நாய்க்கு இடமில்லை, நீ மட்டும் ஏறு என்கிறான். தருமன் ஏறவில்லை. நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்று நின்றுவிட்டான். மைல்கல்லில் கட்டிவிட்டுப் போனவரும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். தருமன் நாய்க்காக வண்டியில் ஏறாமல் நின்றான். இவர் வண்டியில் ஏறிக்கொண்டு நாயை இறக்கிவிட்டார். அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு வந்து மிளகு தீபம் ஏற்றியிருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

மஞ்சு கொட்டகையில் ஏழு வாரம் இருந்தது. அதற்குள் பதினொரு குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிட்டது. அதைத் தேடி ஒருத்தரும் வரவில்லை. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயில் பக்கம் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருத்தர் பஸ் பிடித்து வந்தார். புருஷன் இல்லை, பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஓட்டு வீடு, சாணி மெழுகிய தரை. வழுக்காது. வயதைக் கேட்கவில்லை, பேப்பர் கேட்கவில்லை, எலும்பைத் தடவிப் பார்க்கவில்லை. மைல்கல்லில் கிடந்தபோது மூன்று நாளும் அவர்தான் தண்ணீர் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:

"சோறு ஒழுங்கா திங்குதாய்யா?"

"திங்குதுக்கா. மருந்துச் செலவு இருக்கு. ரெண்டு வருஷம் இருந்தா பெருசு."

"நான் மட்டும் இருவது வருஷமா இருக்கப் போறேன்? வா தாயி."

மருந்தை நண்பர் பார்த்துக்கொள்கிறார், மாதம் ஒரு மூட்டை அரிசி என் கணக்கு. அந்த மைல்கல்லை இரண்டு தடவை தாண்டிப் போனதற்கு அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அஷ்டமிக் கூட்டத்தில், பூக்கூடைக்குப் பக்கத்தில், சாக்கின்மேல் முகவாய் நரைத்த மஞ்சள் நாய் ஒன்று தூங்குவதைப் பார்க்கலாம். கார் கதவு சத்தம் கேட்டால் இன்னும் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

காரில் வந்தவருக்கு: உங்கள் சிவப்புக் காலர் அக்காவின் கூடைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. நல்ல தோல், அடுத்த குட்டிக்கு ஆகும். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போது 50 ரூபாய் சில்லறையாகக் கொண்டுவாருங்கள்.